மலையில் எண்ணிக்கை சரியாக இருந்தது

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பட்டாசுக் கம்பெனியில் இருபது வருசமாக ஃபோர்மேன், மருந்து வெடித்தால் ஏன் வெடித்தது என்று காரணம் தேடித்தான் பழக்கம். நீங்கள் நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு வருத்தமில்லை.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நேரம். தாயில்பட்டியிலிருந்து நாங்கள் ஐந்து பேர், மேற்கே தெரிகிற மலையில் ஏறி, உச்சி உச்சியாக நடந்து, நாலாம் நாள் தேனிப் பக்கம் இறங்குவதாக ஏற்பாடு. வழிகாட்டியாக, மலையிலேயே பிறந்து வளர்ந்த வேலன் வந்தார். என் மனைவியின் தம்பி மாரிமுத்துவும் எங்களில் ஒருவன். கிளம்பும்போது அவள், "எங்கூடப் பொறந்தவன்னு அவன் ஒருத்தன்தான் இருக்கான். பத்திரமா கூட்டிட்டு வந்துருங்க" என்றாள். நானும் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும், இரண்டு உச்சிகளுக்கு நடுவே ஒரு புல்மேடு. கொஞ்சம் தள்ளிப் போனால் இரண்டு பக்கமும் பாறை வெட்டினாற்போல இறங்கும். அங்கே வைத்து மேகம் எங்களை மூடிவிட்டது, கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அப்போது டமார் என்று ஓர் இடி, தலைக்கு மேலேயே.

பட்டாசு வேலை செய்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். சத்தம் கேட்டால் எங்களுக்கு நிற்கத் தெரியாது. ஆளுக்கொரு வாசல் வழியாக வெளியே ஓடிவிட்டு, அப்புறம்தான் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்ப்போம். இருப்பது மலை என்பதை மறந்து ஐந்து பேரும் ஐந்து திசையில் ஓடினோம். "நில்லுங்க, நில்லுங்க" என்று வேலன் கத்தியது பிறகுதான் காதில் ஏறியது.

அவர் குரலை வைத்துத் தடுமாறித் திரும்பி வந்தோம். வெடிச்சத்தம் கேட்டால் கம்பெனியில் என்ன செய்வேனோ அதையே செய்தேன், ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கடைசியாக, "மாரிமுத்து?"

"இருக்கேன் மச்சான்."

அவன் குரல்தான், சந்தேகமே இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது, நடந்தோம்.

அரை மணி நேரம் அந்த மேகத்துக்குள்ளேயே போனோம். எனக்குப் பின்னாலிருந்து, "தண்ணி இருக்கா மச்சான்?" என்று கேட்டான். திரும்பாமலே, நிறைந்திருந்த பாட்டிலை நீட்டினேன், குடித்துவிட்டுக் கையில் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, பாட்டிலில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

வந்த வழியே ஓடப் போனேன். வேலன் என் இடுப்பைப் பிடித்து உட்காரவைத்தார், மறுபடி மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "இப்பப் போனா நீங்களும் திரும்ப மாட்டீக" என்றார். பிறகு, "எண்ணும்போது தொட்டு எண்ணுனீகளா?" என்று கேட்டார்.

"இல்ல, பேரச் சொல்லிக் கூப்பிட்டேன். இருக்கேன்னு சொன்னானே."

அவர் எழுந்து, மீதி மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எண்ணினார். போனில் சிக்னல் இல்லை, இருந்தாலும் என் மனைவியிடம் என்னவென்று சொல்வேன்? தொண்டை கட்டும்வரை கத்தினேன். பிறகு, கூட வந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் அழுதேன். மேகம் அன்று முழுக்க விலகவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் போய்த் தேடினோம். அந்தப் புல்மேட்டுக்குக் கீழே, ஒரு பாறைத் திட்டில் கால் ஒடிந்து, காய்ச்சலோடு கிடந்தான். உயிர் இருந்தது.

"ஏலே, நான் கூப்பிட்டப்பவே ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லே" என்றேன். கோபமாகத்தான் வந்தது, வேறு எப்படிப் பேசுவதென்று தெரியவில்லை.

"கேட்டுச்சு மச்சான், வாயத் தொறந்தேன். அதுக்குள்ள மேல இருந்து ஒருத்தன் இருக்கேன்னு சொல்லிட்டான். அது என் குரலு. அதக் கேட்டதும் எனக்குச் சத்தமே வரல."

மாரிமுத்து இப்போது நன்றாகத்தான் இருக்கிறான், சூலக்கரையில் டீக்கடை வைத்திருக்கிறான். ஆனால் அன்றைக்கு எங்களோடு நடந்து வந்தது எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, வெளியே நின்று "மச்சான்" என்பான். தம்பி குரல் கேட்டதும் என் மனைவி எழுந்திருப்பாள். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்கிறேன்.