பேக்டரி இல்லம்மா, பேக்டர்

யசோதராவுக்கு ஏழாம் மாதம். எர்ணாவூரில் எனக்குப் பக்கத்து வீடு. பெயிண்ட் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டும் பேக்டரியில் இரண்டு பேருக்கும் ஒரே மேசை. சரியான வாயாடி. அப்படிப்பட்டவள் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. வேலைக்கும் வரவில்லை. அவள் புருஷன் பரசுராமன் கண்டெய்னர் வண்டியோடு பெங்களூரு போயிருந்தான்.

எனக்குப் பொறுமை ஏது? கதவை இடித்துத் திறக்க வைத்தேன். "இன்னாடி ஆச்சு உனுக்கு?"

"பேக்டரியாலதான் புள்ள சரியா வளரலியாம்க்கா. மூளை, நரம்பு எல்லாத்துக்கும் அதான் காரணமாம். டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. நானே எம் புள்ளைய கெடுத்துட்டேன்."

சோற்றுக்காக அந்த நாற்றத்தில் நிற்பவளிடம் இப்படியா சொல்வார்கள்! நேரில் கேட்டுவிடலாம் என்று அவளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா திருதிருவென்று விழித்தார். "பேக்டரியா? நான் குரோத் பேக்டர்னு சொன்னேம்மா!"

தெருவுக்குத் தெரு பேக்டரி இருக்கும் எங்கள் பக்கம் அந்தச் சொல் வேறு எப்படிக் காதில் விழும்? முதலிலேயே நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கலாம். இப்போது சொன்னார். குரோத் பேக்டர் என்றால் உடம்புக்குள் சுரந்து வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களாம். பிழைத்திரு, பெருகு, இந்தப் பக்கம் நீண்டு போ என்று நரம்பு செல்களுக்குச் சொல்வது அவைதானாம். நச்சுக்கொடி வழியாகப் போகும் சத்து குறைந்தால் அவையும் குறையலாமாம்.

"அதான் குழந்தை சின்னதா இருக்கு. ஆனா தலை அளவு சரியா இருக்கும்மா. சத்து பத்தலைன்னா, குழந்தை ரத்தத்தை மூளைக்குத்தான் முதல்ல அனுப்பும்."

"அப்போ என்னால இல்லியா?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா இப்ப அந்த பெயிண்ட் வாடைக்குள்ள போகாதீங்க. அதுவும் நல்லதில்ல."

யசோதரா அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான். ஆனாலும் நரம்பு எப்படி இருக்குமோ என்ற பயம் மட்டும் அவளை விடவில்லை.

குழந்தை கொஞ்சம் முன்னாடியே பிறந்தது. பெண். ஒரு கைக்குள் அடங்கிவிடும். ஊரிலிருந்து வந்துவிட்ட பரசுராமனோடு நாங்கள் பார்க்கப் போனபோது, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் அதன் உள்ளங்காலில் விரலால் சுண்டினார். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டது.

பரசுராமன் பதறிவிட்டான். "இன்னா சிஸ்டர், கொழந்தைக்கு வலிக்காதா?"

யசோதரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"வலிக்குதுய்யா! எம் புள்ளைக்கு வலிக்குது!"