அடையாற்றில் பதினேழு கொக்குகளும் ஒரு கிழ மீனும்

உலகத்தில் மகத்தான யாத்திரைகள் மூன்று. காசி ஒன்று, கயிலாயம் ஒன்று. மூன்றாவது, முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்து வெள்ளிக்கிழமையன்று நான் மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலிருந்து அடையாற்றுக்குப் போனது. முதல் இரண்டையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காரணம், என் அக்கா மகள் விசாலம். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நாலைந்து வயதுக் குழந்தைகளுக்கு டீச்சர். மூன்று மாதத் தற்காலிக வேலை அந்த வெள்ளியோடு முடிகிறது. அவள் வகுப்பின் இரைச்சலுக்குப் பயந்து சாந்தோம் மீன்களெல்லாம் அந்தமானுக்குக் குடிபோய்விட்டன. வகுப்பு அடங்கினால்தான் வேலை நிலைக்கும் என்று பெரிய டீச்சர் சொல்லிவிட்டாராம்.

"மாமா, பினாங்குல சீனாக்காரர்கிட்ட ஏதோ கத்துண்டேளே, அதைக் கொழந்தைகளுக்குச் சொல்லித் தாங்கோ. நாளைக்கு ஒம்பது மணிக்கு அவா வந்து பாக்கப்போறா" என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

அந்த 'ஏதோ'வுக்குத் தைச்சீ என்று பெயர். காற்றைக் கையால் தடவிக் கொடுப்பதுபோல மெள்ள மெள்ள அசைகிற தேகப்பயிற்சி. பினாங்கில் பக்கத்து வீட்டுத் தச்சர் கற்றுத் தந்தார். எனக்கு வந்தது ஆறே அசைவுகள். வீட்டில் நூற்றெட்டு என்று சொல்லி வைத்திருந்தேன்.

காலை ஏழு பத்துக்கு ஜட்கா ஏறினேன். தூரம் இரண்டரை மைல், கூலி நாலணா. குதிரை ஓர் அடி வைக்கும், யோசிக்கும், மறு அடி வைக்கும்.

"ஏம்ப்பா, இது ஓடாதா?"

"ஓடும் சாமி. அதுக்கா தோணணும். நீ இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற? காதுல வாங்காது."

பாலத்தின் நடுவில் குதிரை கால் நாழிகை நின்று ஆற்றை ரசித்தது. கீழே சேற்றில் கொக்குகளும் அப்படியே நின்றன. எட்டு ஐந்துக்குப் பள்ளிக்கூட வாசல். என்னைவிடக் குதிரைக்குத்தான் தைச்சீ நன்றாகத் தெரியும் என்ற சந்தேகத்தோடு இறங்கினேன்.

உள்ளே பதினேழு குழந்தைகள். சத்தம் பதினேழாயிரம் பேருடையது. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, "இதற்கு மேகக் கைகள் என்று பெயர்" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். உடனே பதினேழு பேரும் மேகமானார்கள். மேகமானால் சும்மா இருப்பார்களா? இடித்தார்கள், மின்னினார்கள், இரண்டு பேர் மழையாகவும் பெய்துவிட்டார்கள். விசாலம் துடைக்கத் துணி தேடி ஓடினாள். மணி எட்டரை.

அடுத்து ஒற்றைக் காலில் நின்று கைகளை விரித்தேன். குப்பத்திலிருந்து வரும் லூர்து என்கிற ஐந்து வயதுப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தாள்.

"நீ கொக்குதானே?"

"ஆமாம். வெள்ளைக் கொக்கு."

"மீனு எங்க? மீனு இல்லாம கொக்கு இன்னாத்துக்கு நிக்கும்?"

பினாங்கில் இந்தக் கேள்வி எனக்கோ தச்சருக்கோ தோன்றியதே இல்லை. அந்தக் கணமே நான் மீனானேன். விதி ஒன்றுதான். சுவரோரம் நிற்கும் கொக்குகள் ஓசைப்படாமல் வந்து மீனைத் தொட வேண்டும். ஒரு காலடி கேட்டாலும் மீன் கத்தும், எல்லாரும் திரும்பச் சுவருக்கு. பிடிபட்ட மீன் தரையில் மல்லாந்துவிட வேண்டும். முதல் தடவை இரண்டடி வந்தார்கள். நான்காம் தடவை, முழங்கால் மடங்கி, குதிகால் முதலில் பதிந்து, தச்சர் எனக்கு ஒரு வருஷம் கத்திக் கத்திச் சொன்ன நடை அப்படியே அவர்களுக்கு வந்திருந்தது. மூன்று முறை மல்லாந்தேன். மணி ஒன்பதானதை யாரும் கவனிக்கவில்லை.

டக், டக், டக். பெரிய டீச்சர் பூட்ஸோடு நடு அறைக்கே வந்துவிட்டார்.

"பெரிய மீனு" என்று லூர்து கிசுகிசுத்தாள்.

பதினேழு கொக்குகளும் சிறகு விரித்து அவர் பக்கம் திரும்பின. விசாலத்தின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது.

"என்ன விசாலம் இது?"

"பேசாத டீச்சரம்மா. மீனு பேசாது" என்றாள் லூர்து.

பெரிய டீச்சர் வாயை மூடிக்கொண்டார். கொக்குகள் வந்தன. அப்படியொரு மெதுவை நான் பார்த்ததில்லை. அதற்குள் இமயமலை ஓரங்குலம் வளர்ந்திருக்கும். கடைசியில் லூர்துவின் விரல் அவர் புடவையைத் தொட்டது. விதிப்படி இனி அவர் மல்லாந்துவிட வேண்டும். பதினேழு பேரும் காத்திருந்தார்கள். விசாலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் மல்லாந்து படுக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டு, மெள்ளத் தரையில் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் காதைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்டார்.

"விசாலம், இந்த ரூமுக்குக் கடல் சத்தம் கேக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாதேம்மா" என்றார். பிறகு, "திங்கட்கிழமை எட்டு மணிக்கே வந்துடு."

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். வயிற்றை நம்பாமல் நாலு இட்லி கட்டிக்கொள்ளுங்கள். மாற்று வேட்டி அவசியம். மேகங்களை எப்போதும் நம்ப முடியாது. குழந்தைகளுக்கு அசைவுகளின் பெயரைச் சொல்லாதீர்கள், மீனைக் காட்டுங்கள். நான் கரைத்துக் குடித்த நூற்றெட்டுக்கு அப்புறம் இதுதான் நூற்றொன்பதாவது.

திரும்பும்போது அதே ஜட்கா. பாலத்தின் நடுவில் குதிரை நின்றது. நான் கத்தவில்லை.