கத்திக்குக் களைப்பில்லை

சாவுச் செய்தி வந்தபோது என் இரண்டு கைகளும் ஒரு திருக்கையின் வயிற்றுக்குள் இருந்தன. சாப்பாட்டுப் பைக்குள் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு மனேஜர் தன் மேசையை விட்டு எழுந்து வந்தார். “ஜெசிந்தாக்கா, தோட்டவெளியில இருந்து கோல் வந்தது. பிலோமினாக்கா விடியக்காலமை மோசம் போயிட்டாவாம்” என்றார். அந்தத் திருக்கையை வெட்டி, கழுவி, உப்புப் போட்டுவிட்டுத்தான் நான் புறப்பட்டேன். பாதியில் விட்டால் நாறிப்போகும். மீனை நாற விடுபவர்களைப் பிலோமினாக்காவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அவருடைய மகள் கேட்டாள். அவருடைய செபமாலைப் பக்தியைப் பற்றியும் கைச்சமையலைப் பற்றியும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கருவாட்டு வாடியில் அவருக்குப் பக்கத்தில் நின்று வருடக்கணக்காக மீன் வெட்டியவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய கத்திக் கதையும் அதனால் வந்த வினையும்தான். அவரை அறிந்த உங்களில் பலருக்கு அது முழுதாகத் தெரியாது.

ஒருமுறை எங்களோடு மீன் வெட்டும் ரெஜினா திருவிழாக் கடையில் பளபளவென்று ஒரு சில்வர் கத்தி வாங்கிக்கொண்டு வந்தாள். பிலோமினாக்கா அதைக் கல்லில் தேய்த்துப் பார்த்தார். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. “வடிவான மாப்பிள்ளை. கறளும் பிடியாது, வேலையும் செய்யாது” என்றார். அவருடைய சொந்தக் கத்தி மரம் அரிகிற பழைய வாள் அலகில் பட்டறைக்காரர் அடித்துக் கொடுத்தது. உப்புத்தண்ணீர் பட்டால் மறுநாளே கறள் பிடித்துச் சிவந்துவிடும் என்று வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் பூசி வைப்பார். சவரக்கத்தி மாதிரி வெட்டும். ஆனால் மணல் ஒட்டிய திருக்கைத் தோலில் நாலு இழுவை இழுத்தால் மொட்டையாகிவிடும். கல்லில் கொஞ்சம் தீட்டினால் உடனே திரும்பி வரும். “இவர் கெதியாக் கோவிப்பார், கெதியா ஆறுவார். இப்பிடி ஒருத்தரோடதான் குடும்பம் நடத்தலாம்” என்பார். அவருடைய கணவர் அந்தப் பக்கம் வந்தால் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அந்த மனிதருக்குக் கடைசிவரை காரணம் தெரியாது.

தீட்டுக்கல் வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. உட்கார்ந்து தீட்ட ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தோம். விடிந்ததிலிருந்து நின்று வெட்டுகிற எங்களுக்கு உட்காரக் கிடைத்த ஒரே இடம் அதுதான். இடுப்பும் நாரியும் விட்டுப்போகிற நேரத்தில், “என்ர கத்தி மொட்டையாப் போச்சு” என்று சொல்லிவிட்டு ஒருத்தி மரத்தடிக்குப் போவாள். களைக்குது என்று ஒருத்தியும் வாய் திறந்து சொன்னதில்லை. களைத்தவளை நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மொட்டைக் கத்திக்கு யார் என்ன சொல்வது? கூரான கத்தியையும் கொண்டுபோய்த் தீட்டியிருக்கிறோம்.

பிறகு முதலாளி கொழும்பிலிருந்து ஒரு புதுக் கத்தி கொண்டுவந்தார். மிகவும் கடினமான உருக்கு, காலையில் எடுத்தால் வேலை முடியும்வரை தீட்டத் தேவையில்லை என்று கடைக்காரன் சொன்னானாம். அது சரியென்றால் எல்லோருக்கும் எடுக்கலாம், நீங்கள் பாவித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்று அதைப் பிலோமினாக்காவிடம் கொடுத்தார். முதலாளியின் கார் மறைந்ததும் நாங்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டோம். “சரியில்லை எண்டு சொல்லுங்கோ அக்கா. இது வந்தா நாங்கள் நிண்ட நிலையில நிண்டு சாகவேண்டியதுதான்” என்றாள் ரெஜினா. அவர் தலையை ஆட்டினார். ஆமென்ற ஆட்டா இல்லையென்ற ஆட்டா என்று யாருக்கும் விளங்கவில்லை.

கட்டாவிலும் சுறாவிலும் திருக்கையிலும் அந்தக் கத்தியை அவர் நேர்மையாகப் பாவித்தார். முதலாளி திரும்பி வந்து கேட்ட அன்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். “நல்ல கத்தி, முதலாளி. பின்னேரம் வரைக்கும் கூர் நிக்குது. எலும்பில அடிச்சா வாய் சில்லுச் சில்லா உடையும், அதுதான் குறை. மொட்டையானா எங்கட கல்லுக்கு மசியாது. இவருக்குக் கோவம் வராது, வந்தால் ஆத்தேலாது. வேற கல்லு ஒண்டும் எடுத்துத் தாங்கோ” என்றார். மனுசி எங்கள் எல்லோரையும் விற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. “கத்தி களைக்காது, முதலாளி. எங்களுக்குக் களைக்கும். இருக்கிறதுக்கு ஒரு வாங்கு போட்டுத் தாங்கோ.”

முதலாளி சிரித்தார். ஆனாலும் கத்திகளோடு வாங்கும் வந்தது. சேர்ந்து உட்காரக்கூடிய நீளமான நல்ல பலகை. அதை மனேஜரின் மேசைக்கு நேர் எதிரே போட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அக்காவை ஏசினேன். “உங்களுக்கென்ன விசரோ? ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிப்போகுமோ?” அவர் செருப்புக்குள் புகுந்த மணலைத் தட்டிவிட்டு ஆறுதலாகத்தான் பதில் சொன்னார். “கத்தியில ஏன் பழியைப் போடுவான், ஜெசிந்தா? நல்லதை நல்லது எண்டு சொன்னன். எனக்குக் களைக்குது எண்டு சொல்ல ஒரு சாட்டு வேணுமோ?” வேணும் என்றுதான் நான் நினைத்தேன்.

வாங்கில் அவர் மட்டும்தான் உட்கார்ந்தார். மத்தியானத்தில் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போய், காலை நீட்டி, மனேஜரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். “வாங்கோவன்” என்று எங்களைக் கூப்பிடுவார். போக எங்களுக்குப் பயம். அதை மறைக்க அவருக்கு ‘வாங்கு மகாராணி’ என்று பட்டம் வைத்துச் சிரித்தோம். வாடைக்காற்றுத் தொடங்கி வள்ளங்கள் கரையில் கிடந்த காலத்தில், ஆட்களைக் குறைக்கவேண்டி வந்தது. மனேஜர் அவரிடம் மரியாதையாகத்தான் சொன்னார்: “கொஞ்சநாள் வீட்டில ஆறுதலா இருங்கோ அக்கா.” காற்று அடங்கி வள்ளங்கள் திரும்பப் போனபோது எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். அவரைக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் மீன்சந்தை வாசலில் வாங்குகிறவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்தார், பழைய வாள் கத்தியால்தான். நான் ஒருநாள் போனபோது ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் இருந்தபடி வெட்டிக்கொண்டிருந்தார். சீனி வியாதியில் கால் வீங்கியிருந்தது. “இஞ்ச பார், இருந்துகொண்டே வெட்டிறன்” என்று காட்டினார். பிறகு கேட்டார்: “இப்ப வாங்கில ஆர் இருக்கினம்?” நான் உள்ளதைச் சொன்னேன். “உப்பு மூட்டையள்தான் அக்கா இருக்கினம்.” கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடிய, “அதுகளும் பாவம்தானே, களைச்சிருக்கும்” என்றார். நான் அவரோடு கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

அவர் போனதிலிருந்து எனக்கு நெஞ்சு கனமாகத்தான் இருக்கிறது. அதைவிட உடம்பு கனமாக இருக்கிறது. நல்ல மனுசி, அருமையான மனுசி என்று எழுதிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரேயொரு சொல்தான். அதை வாயால் சொல்லிப் பார்த்தது அடக்கத்துக்கு மறுநாள்.

அன்று மத்தியானம் நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் ஏலாமல், வாங்கின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மனேஜர் எழுந்து பக்கத்தில் வந்தார். முகத்தில் இரக்கம் இருந்தது. “கவலை இருக்கும்தானே அக்கா. அழுது முடிச்சிட்டு எழும்பி வாங்கோ” என்றார். நல்ல சாட்டு. ஓம் என்றால் போதும், ஒரு வாரமாவது யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

“இல்லைத் தம்பி, நான் அழயில்லை” என்றேன். “எனக்குக் களைக்குது.”

அவர் திரும்பிப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்தார். வாடை வரப்போகிறது, அது அடங்கியதும் இந்த முறை என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது. எழும்பவில்லை, களை ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.