ஊத்தங்கரை மைதானத்தில் ஒரு ஞாயிறு

காலை ஆறேகாலுக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் கிருஷ்ணகிரி வண்டி ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். அங்கே வண்டி மாறி ஊத்தங்கரைக்கு ஏறக்குறைய அதே தூரம் போக வேண்டும். என் மகள் எஸ்தர் அன்று அங்கே கபடி ஆடுகிறாள். சேலத்தில் விளையாட்டு விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்புப் படிக்கிறவள். அவளைப் பார்த்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கணவருக்கு ஞாயிறும் ஷிப்டு இருந்தது. எனக்குக் கார்மெண்ட்ஸில் ஞாயிறு மட்டும்தான் விடுமுறை, அது ஆராதனைக்கு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாள் முதல் அதை விட்டதில்லை. சர்ச்சில் என்னோடு பாடுகிற அக்கா, "போட்டியப் பாக்க ஆராதனைய விடுதியா?" என்று கேட்டிருந்தார்.

"பிள்ளையப் பாக்கப் போறேன்க்கா," என்றேன்.

சூளகிரி தாண்டியதும் கண்ணை மூடி ஜெபம் செய்தேன். எஸ்தர் ஜெயிக்க வேண்டும் என்பதுதான் முதலில் வாயில் வந்தது. எதிரணியில் ஆடுவதும் யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களைத் தோற்கடியும் என்று ஆண்டவரிடம் எப்படிக் கேட்பது? யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டேன். மனசு முழுதாக அதில் இல்லை.

மத்தூர் வழியாக வண்டி நின்று நின்று போனது. இருபுறமும் மாந்தோப்பு, அதை விட்டால் காய்ந்த மேடு. பத்தரைக்குப் பள்ளி மைதானத்தை அடைந்தபோது எஸ்தரின் அணி ஓடிப் பழகிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள். உயரமாகியிருந்தாள், கழுத்தெலும்பு தெரிந்தது. கிட்டே போகப் பார்த்தேன்.

அவளுடைய பயிற்சியாளர் தடுத்தார். "இப்ப வேணாம்மா, கவனம் சிதறிடும். ஆட்டம் முடிஞ்சதும் ஒரு மணி நேரம் பேசுங்க. நாலு மணிக்கு வேன் கிளம்பிடும்."

அந்த ஒரு மணி நேரம் போதும் என்று மண்மேட்டில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் தோளில் துண்டு போட்ட ஒருவர். காவேரிப்பட்டினத்துக்காரர், தக்காளி போடுகிறவர், பெயர் முனிரத்தினம். யாரிடமோ தெலுங்கில் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க பாப்பாவும் ஆடுதுங்களா?"

"ஆமாங்க. சேலம் டீம்."

"எம்பொண்ணு சரிதா, எதிர் டீமு. முனியப்பனுக்கு வேண்டிக்கினு வந்திருக்கறேன். நீங்க?"

"நான் இயேசு சாமிகிட்ட."

அவர் சிரித்தார். "அப்ப மேல ரெண்டு பேரும் பேசி முடிச்சிக்கட்டும். நாம கடலை திம்போம்."

பகல் முழுக்க வேறு ஆட்டங்கள் நடந்தன. எங்கள் பிள்ளைகளின் இறுதி ஆட்டம் தொடங்க இரண்டு மணி தாண்டிவிட்டது. சுற்றிலும் விசில், வசவு. நடுவரின் வீட்டார் வரைக்கும் இழுத்துத் திட்டினார்கள். நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் சரிதா கபடி பாடிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, கோட்டோரம் நின்ற எஸ்தர் பாய்ந்து அவள் காலைப் பிடித்தபோது, என்னையறியாமல் எழுந்துவிட்டேன். "விடாத எஸ்தர்! விடாத!" என்று கத்தினேன். இன்னும் மூன்று பிள்ளைகள் மேலே விழுந்தார்கள்.

அடியிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

மற்றவர்கள் விலகினார்கள். சரிதா தோளைப் பிடித்துக்கொண்டு புரண்டாள். கூட்டத்தில் யாரோ, "நடிக்கிறாடா!" என்றான். எஸ்தர் அசையாமல் நின்று கூட்டத்துக்குள் தேடினாள். என்னைத்தான் தேடினாள்.

இறங்கி ஓடினேன். பாதி வழியில் முனிரத்தினம் என் கையைப் பிடித்தார். "யம்மா, கூட வரீங்களா? இவங்கம்மா வரலீங்க. வந்திருக்கற வாத்தியாரும் ஆம்பள. பொம்பளப் புள்ளைய நான் ஒருத்தன் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கூட்டிக்கினு போவேன்?"

எஸ்தர் பத்தடி தூரத்தில் இருந்தாள். அவளைத் தொட்டுவிட்டுப் போகலாம். தொட்டால் போக மாட்டேன் என்று தெரிந்தது. பயிற்சியாளரிடம், "சார், எம்பிள்ளைகிட்ட சொல்லிருங்க," என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

அரசு மருத்துவமனையில் கூட்டம். மருத்துவர் தொட்டுப் பார்த்து, தோள்பட்டை எலும்பில் விரிசல் இருக்கும், நாளைக்குக் கிருஷ்ணகிரியில் எக்ஸ்ரே எடுங்கள் என்றார். கையைத் தூக்கிக் கழுத்தோடு கட்டி, ஊசி போட்டு, கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னார். முனிரத்தினம் மாத்திரை வாங்கப் போனார். நானும் சரிதாவும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் நல்ல கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். தலை முழுக்க மண், வியர்வை, தேங்காயெண்ணெய் வாசனை.

"உங்க பொண்ணுதான் என்னைப் புடிச்சாங்களா?"

"ஆமாம்மா. மன்னிச்சுக்கோ."

"நல்ல புடிங்க. எங்க சாரு அதத்தான் சொல்லித் தராரு. எங்களுக்கு வரவே மாட்டேங்குது."

என் தோளில் சாய்ந்தாள். முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கி, மண்ணை உதிர்த்து, விரலாலேயே சிக்கெடுத்தேன். நான்கு மாதமாக இந்த விரல்கள் ஒரு தலைக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. இது அந்தத் தலை இல்லை. ஆண்டவரே, இதுவும் யாரோ ஒருத்தியின் கை ஏங்குகிற தலைதானே என்று சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நான் முழு மனசோடு செய்த ஜெபம் அது ஒன்றுதான். அவள் தூங்கிய பிறகும் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மைதானத்துக்குத் திரும்பியபோது நாலரை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "சேலம் டீம் ஜெயிச்சு, கப்பு வாங்கிக்கினு போயிட்டாங்க," என்றார் ஒருவர்.

கிருஷ்ணகிரி வரை முனிரத்தினத்தோடும் சரிதாவோடும் ஒரே பேருந்தில் வந்தேன். நிலையத்தில், சேதி கேட்டு வந்த சரிதாவின் அம்மா காத்திருந்தாள். மகளைக் கண்டதும் அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். அதற்கு மேல் பார்க்க முடியாமல் ஓசூர் வண்டியைத் தேடிப் போனேன்.

வீட்டைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது. விடுதியிலிருந்து எஸ்தர்.

"அம்மா, அவளுக்கு எப்படி இருக்கு?"

சொன்னேன். "ஒன்னப் பாக்காமலே வந்துட்டேன்ட்டி," என்றேன்.

"நான் ஒன்னப் பார்த்தேன்மா. சார் ஆஸ்பத்திரி வாசல்ல வேனை நிறுத்தினாரு. உள்ள வந்தேன்."

"வந்தியா? ஏன் கூப்பிடல?"

"அவ உன் மேல சாஞ்சு தூங்கிட்டு இருந்தா. கூப்பிட்டா நீ எந்திரிச்சுருவ. அவளுக்கு வலிக்கும்ல."

எவ்வளவு நேரம் நின்றாள் என்று கேட்டேன். நீ அவளுக்குச் சிக்கெடுத்து முடிக்கிற வரைக்கும் என்றாள். நான் அந்த வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.