பக்கத்து மேசையில் கேட்ட தமிழ்

புலம்பெயர்ந்து வந்த விட்பி நகரில் தனியாக இருக்கிறேன். பழைய இராணுவத் துவக்குகளை வாங்கி, துடைத்து, உரிமத்தோடு பூட்டி வைத்திருப்பது என் பொழுதுபோக்கு. ஒருமுறை சாப்பிட வந்த சிநேகிதன் அலுமாரியைப் பார்த்துவிட்டு, "உதுக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள்? நீ ஆசையாய் வாங்கி வைச்சிருக்கிறாய்!" என்றான். பிறகு அவன் வரவேயில்லை. அதிலிருந்து நான் யாரிடமும் சொல்வதில்லை. தெரிந்த முகங்கள் இருக்காது என்று வார நாள்களில்தான் சுட்டுப் பழகும் திடலுக்குப் போவேன்.

போன இலையுதிர் காலத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலத் துவக்கு ஒன்றில் அதே வயதுடைய தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தேன். 'டிக்' என்றது, அவ்வளவுதான். பழுதாக்கும் என்ற எரிச்சலில், தோட்டாவை வெளியே எடுக்க, தோட்டா அறையை மூடும் பூட்டின் பிடியில் கை வைத்தேன்.

"அண்ணை, திறவாதேங்கோ!"

காதுமூடியையும் மீறிப் பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்து தமிழ் கேட்டது. திடுக்கிட்டுக் கையை எடுத்தேன். அடுத்த கணம் துவக்கு தானாகவே வெடித்தது. பழைய வெடிமருந்து சிலவேளை பிந்தித்தான் பற்றும். பூட்டைத் திறந்திருந்தால் என் முகத்தில் வெடித்திருக்கும்.

துவக்கை மேசையில் வைத்துவிட்டு அந்த மனிதரிடம் கேட்டேன்: "நீங்கள் இஞ்சை வாறது வீட்டிலை தெரியுமோ?"

"சொல்லுறதுக்கு வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்று சிரித்தார்.

பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். அதன்பின் அவரைக் காணவில்லை.

இப்போதெல்லாம் தோட்டா வெடிக்காவிட்டால், துவக்கை இலக்கை நோக்கிப் பிடித்தபடியே அறுபதுவரை எண்ணுகிறேன். பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி, தமிழில்.