மிச்சமிருந்த மலை

“தாடைய லேசா எறக்குங்க சார்... ஆங், அவ்ளோதான், அசையாதீங்க” என்றார் மலையைப் பார்த்து. மலை அசையவில்லை. முப்பத்தெட்டு வருடங்களாகக் கல்யாண வீடுகளில் படமெடுக்க மாப்பிள்ளைகளையும் மாமனார்களையும் மேய்த்தவருக்கு, சொன்னபடி நிற்கும் ஒரே வாடிக்கையாளர் மலைதான். அதுவும் சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் மேகத்துக்குள் போய்விடும். “பொண்ணு மேக்கப்புக்குப் போயிருக்கு” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, கார் பானட்டில் சாய்ந்து பிளாஸ்க்கைத் திறப்பார்.

அவரை ஊரே ‘சிரிங்க மாமா’ என்றுதான் அழைக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பல் வைத்தியர் தன் பல்லையா பிடுங்கிக்கொள்கிறார்? கல்யாணங்கள் ஓய்ந்த மாதத்தில் ஒரு வாரம் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு, கண்ணாடி இறங்கினால் ஏறாத பழைய காரில், ஸ்டாண்டும் போர்வையுமாகத் தனியே கிளம்பிவிடுவார். மனிதர் முகமே கண்ணில் படாத இடமாகத் தேடிப் போய் மலையையும் நீரையும் எடுப்பார். இருபத்திரண்டாவது வருடமாக இது நடக்கிறது. “ஊர்ல இருக்கற மலையெல்லாம் உங்களுக்கு என்ன ஒண்ணுவிட்ட சொந்தமா?” என்பது வாசலில் நின்று மனைவி சொல்லும் வழியனுப்புரை.

ஒருவகையில் சொந்தம்தான். காரில் வெயில் மறைப்பு அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. இரண்டு முதுகும் நடுவில் ஒரு பள்ளமுமாக ஒரு மலை, கீழே நீர். நீருக்கு முன்னால் வெள்ளையாக, பிய்ந்த தழும்பாக மூன்று உருவங்கள்: நெட்டையாய் ஒன்று, நடுத்தரமாய் ஒன்று, பொடிசாய் ஒன்று. அம்மா, அக்கா, நான்கு வயதில் அவர். அப்பா யாரிடமோ இரவல் வாங்கிய காமிராவில் எடுத்தது. அம்மாவுக்கு வேறு படமே கிடையாது. அவருக்கு ஏழு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தப் படம் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் குடித்து ஒட்டிப்போயிருந்தது. பத்தொன்பது வயதில் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், கைத்தொழில் கற்ற பெருமையில், அதைப் பெரிதாக்கி அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று கண்ணாடியிலிருந்து உரித்தார். மலை காகிதத்தோடு வந்தது. மனிதர்கள் கண்ணாடியோடு நின்றுவிட்டார்கள். போகட்டும், கண்ணாடியில் இருப்பவர்களையாவது காப்பாற்றுவோம் என்று வெந்நீரில் ஊறப்போட்டார். கால்மணி நேரத்தில் அம்மா உட்பட மூன்று பேரும் கஞ்சியாய்க் கரைந்து போனார்கள். ஆளே இல்லாமல் அவர் உருவாக்கிய முதல் இயற்கைக் காட்சி அதுதான்.

அக்கா ஒரு வருடம் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு இன்றுவரை நிறுத்தவில்லை. “நம்ம மூணு பேரையும் ஒரே கையால உரிச்ச ஆளுடா நீ” என்பாள் ஆற அமர. ஒருநாள், “சரி, ஆளத்தான் கரைச்சே. அந்த எடத்தையாவது கண்டுபிடி. அம்மா நின்ன மண்ணு அங்கதானே இருக்கும்?” என்றாள். அப்பாவைக் கேட்டால், “எங்கயோ போற வழியிலடா” என்றார். சாகும்வரை அதற்குமேல் ஒரு விலாசமும் அவர் தரவில்லை.

அன்றிலிருந்து வருடாவருடம் ஏதோ ஒரு மலையைப் பிடிப்பார். காமிராவின் முதுகுத் திரையைப் போனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பி, “இதுவா?” என்று கேட்பார். “இல்லடா.” “பள்ளம் இருக்கேக்கா!” “பள்ளம் உன் தலைலகூடத்தான் இருக்கு. அங்க ஒரு நாத்தம் அடிச்சுது. அம்மா மூக்கப் பொத்திக்கிட்டே நின்னா.” நாற்றத்தைப் படம் பிடிக்கிற காமிரா இன்னும் கடைக்கு வரவில்லை. தவிரவும், அக்காவுக்கு வலது கண் போய்விட்டது. இடது கண் பாதி. இந்த வருடம் கிளம்பும்போது சொல்லிவிட்டாள்: “சீக்கிரம் பாருடா. அடுத்த வருஷம் நீ அனுப்புற மலைய யாராச்சும் எனக்கு வாசிச்சுத்தான் காட்டணும்.”

பயணம் வழக்கம்போல ஏறுமுகமும் இறங்குமுகமுமாகப் போனது. இறங்குமுகம் கொஞ்சம் தாராளம். முதல் இரண்டு நாளும் பனிமூட்டம். இருபது அடிக்கு அப்பால் உலகம் விடுமுறையில் இருந்தது. மூன்றாம் நாள் ஏரிக்கரையில் விடியல் பிரமாதமாகச் சிவந்தது. நாற்பது படம் எடுத்த பிறகுதான், உள்ளே மெமரி கார்டு இல்லை, அது வீட்டு மேசையில் இருக்கிறது என்று தெரிந்தது. புதுக் கார்டு வாங்க முப்பது மைல் வந்த வழியே திரும்பினார். நான்காம் நாள் பஞ்சர்.

பஞ்சர் கடைக்காரர் காருக்குள் உட்கார்ந்து கைதுடைக்கத் துணி தேடி வெயில் மறைப்பை இறக்கினார். உறை மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தார்.

“யாரு சார், இத கரையான் தின்ன மாதிரி பண்ணி வச்சது?”

“நான்தான்.”

“இது நம்ம பழைய ரோட்டு மலையாச்சே. புது ரோடு போட்டப்புறம் அந்தப் பக்கம் நாயி கூடப் போறதில்ல. அப்பல்லாம் தோல் பதனிடுற ஷெட்டு ஒண்ணு இருந்துச்சு சார். நாத்தம்னா நாத்தம், கொடலப் பொரட்டும்.”

ஒரு நாற்றத்தின் புகழைக் கேட்டு ஒரு மனிதர் கண்கலங்கியதைப் பஞ்சர் கடைக்காரர் அன்றுதான் பார்த்திருப்பார். “உக்காருங்க சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் பயந்துபோய்.

பழைய ரோட்டில் புல் முளைத்திருந்தது. அவர் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். படம் எடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. மலை இரண்டு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றது. அதனிடம் தாடையை இறக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று எடுத்து அனுப்பினார். இந்தமுறை “இதுவா” என்றுகூடக் கேட்கவில்லை.

அக்காவே கூப்பிட்டாள்.

“மல அதுமாதிரிதான்டா இருக்கு. ஆனா எனக்குச் சொல்லத் தெரியல. வெறும் மலையப் பாத்து என்னத்தடா சொல்றது? நான் மலையவா பாத்தேன் அன்னிக்கு? யாரையாவது முன்னால நிறுத்து.”

“இங்க ஈ காக்கா இல்லக்கா.”

“ஏன், நீ என்ன மரமா?”

அவர் காமிராவுக்கு முன்னால் நிற்கிற ஜாதியில்லை. தன் கல்யாணத்திலேயே மேடையைவிட்டு இறங்கிப்போய் லைட்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்தவர். உறையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, ஸ்டாண்டை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினார். படத்து மலையும் திரை மலையும் ஒன்றாயின. பேச்சைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டைமரைப் பத்து விநாடிக்கு வைத்தார். சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்ததும் முட்டிவலியோடு ஓடினார்.

“நின்னுட்டியாடா?” என்றது சட்டைப்பை.

முதலில் நட்ட நடுவில், நெட்டையான வெள்ளைத் தழும்பாக அம்மா இருந்த இடத்தில் நிமிர்ந்து நின்றார். விளக்கின் சிமிட்டல் வேகம் பிடித்தது. சட்டென்று ஓரடி விலகி, முட்டி சொடுக்கச் சொடுக்கக் குந்தி உட்கார்ந்தார். நான்கு வயது உயரம் வரும்வரை இன்னும் கொஞ்சம் குனிந்தார். காமிராவைப் பார்த்தபடியே, வலது கையைத் தலைக்குமேல் தூக்கி, ஒற்றை விரலைப் பற்றுகிற அளவுக்கு உள்ளங்கையை மூடிக்கொண்டார்.