போக ஒரு நடை, திரும்ப ஒரு நடை

என் அக்கா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ். அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அதிகாலை பஸ் டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேலாக இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள் என்று ஊர் நம்புகிறது. நான் நம்பவில்லை. அவள் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவர் சாப்பாட்டுப் பையோடு படியிறங்கிக்கொண்டிருப்பார். "பால் பொங்கிடுச்சு, துடைச்சுட்டேன்" என்பார். "நல்லவேளை" என்பாள். அன்றைய தாம்பத்தியம் அத்தோடு முடிந்தது. சாயந்திரம் அவர் தூங்கி வழியும் நேரத்தில் இவள் தலைவாரிக் கிளம்பிவிடுவாள். அப்படியானால் ஒரு மகன் எப்படிப் பிறந்தான் என்று யாராவது சீண்டினால் மாமாவிடம் பதில் தயாராக இருக்கும். "அந்த வருஷம் பஸ் ஸ்டிரைக்."

சண்டை போட நேரம் கிடைக்காததால் எங்கள் குடும்பத்திலேயே ஒற்றுமையான ஜோடி என்று பெயர் வாங்கியிருந்தார்கள். அதைக் கெடுத்தது ஓய்வு. இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் வந்தது.

முதல் வாரமே அக்கா எனக்கு போன் செய்தாள். "விடியறதுக்கு முன்னாடி லைட்டைப் போட்டுட்டு ஷூவுக்கு பாலிஷ் போடுறார்டி. எங்க போறதுக்குன்னு கேட்டா, பழக்கமாம். எனக்கு அப்பத்தான் கண்ணே அசருது." மாமாவிடம் வேறு புகார் இருந்தது. "தூங்கிட்டிருக்கேன், கையைப் பிடிச்சு நாடி பாக்குறா. ஒரு நாள் இல்ல, தினம். நான் என்ன பேஷன்ட்டா?" அவள் சமைத்தால் இவர் நின்றுகொண்டே அவசர அவசரமாக விழுங்கி முடித்துவிடுவார். இவர் வாயைத் திறந்தால் அவள் "மெதுவா" என்பாள், வார்டில் ஆட்கள் தூங்குகிற மாதிரி. இரண்டே மாதத்தில் வீடு ரெண்டுபட்டது.

அக்கா முடிவாகச் சொன்னாள். "நான் உன்கூட வந்து இருந்துடறேன்."

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் திரைச்சீலை தைத்து விற்கிறவள். துறைமுகத்தை ஒட்டிய ஊரில், கடைக்கு மேலேயே வீடு. தனிக்கட்டை. அக்கா வருகிறேன் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் பிரிவதில் எனக்குச் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது? சாப்பாட்டு மேஜையில் எதிரில் ஒரு ஆள் இல்லாமல் எத்தனையோ வருஷம் சாப்பிட்டுவிட்டேன். பின்னறையைக் காலி செய்து வெள்ளையடித்தேன். பகலில் தூங்குகிறவளாயிற்றே என்று தடித்த துணியில் இரட்டை உள்துணி வைத்து ஒரு திரை தைத்தேன். இழுத்து மூடினால் நடுப்பகலும் தெரியாது. என் வாழ்நாளில் அப்படி ஒரு திரையை எந்த வாடிக்கையாளருக்கும் நான் தைத்துக் கொடுத்ததில்லை.

அக்கா நேராக ரயிலேறி வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. அவள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குன்றிலிருந்துதான் நெடும்பாதை தொடங்குகிறது. மரத்திலும் பாறையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே காடு, மலை, ஆறு எல்லாம் கடந்து நடந்தால் கடைசியில் என் ஊர்க் கலங்கரை விளக்கத்தில் வந்து முட்டலாம். நல்ல கால் இருப்பவர்களுக்கு ஒரு மாதம் ஆகும். மூட்டை தூக்கிக்கொண்டு போகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை. "உன் வீட்டுக்கு நடந்தே வரேன்" என்றாள்.

மாமா ஷூவைத் துடைத்துக்கொண்டே, "நானும் வரேன்" என்றாராம்.

"எதுக்கு?"

"இவ்வளவு தூரம் தனியா விட முடியுமா?"

பேச்சுவார்த்தை நடந்தது. போட்ட ஒப்பந்தம் இதுதான். கடைசி வரை இருவரும் சேர்ந்து நடப்பது. கலங்கரை விளக்கத்தைத் தொடும்போதும் ஒருவரையொருவர் சகிக்க முடியவில்லை என்றால், அக்கா என் வீட்டில் தங்கிவிடுவது, மாமா மட்டும் ரயிலேறி வீடு திரும்புவது. மகனுக்கு போன் செய்து சொன்னார்கள். அவன் இதை ஏதோ தேனிலவு என்று நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னான்.

நெடும்பாதை பல இடங்களில் ஒற்றையடிப் பாதை. மாமாதான் முன்னால். அதில் பேச்சுக்கே இடமில்லை. டிரைவர் அல்லவா? முன்னால் மட்டும் பார்ப்பார், குழியைப் பார்த்தால் தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். அக்கா அவர் முதுகைப் பார்த்தபடி நடப்பாள். இளைப்பாற உட்கார்ந்தால் ஒரு தொல்லை. எவ்வளவு நேரம் ஆனாலும் அவராக எழுந்திருக்க மாட்டார். ஒருவர் "ரைட்" என்று சொல்ல வேண்டும். சொன்ன மறுநொடி எழுந்து நடப்பார், திரும்பியே பார்க்காமல். யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்பது கண்டக்டர் பாடு. முப்பது வருஷமாக அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் வண்டியை எடுத்திருக்கிறார். அக்கா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு அவளே "ரைட்" சொல்லப் பழகிவிட்டாள்.

பாதி வழியில் கல்லூரிப் பெண்கள் சிலர் சேர்ந்துகொண்டார்கள். டிரைவர் சார், டிரைவர் சார் என்று அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு நாள் காலை அக்காவுக்கும் மாமாவுக்கும் சின்னச் சண்டை, கூடாரத்தை மடிக்கும் விஷயத்தில். அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடையில் காலுறை துவைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் விளையாட்டாக "ரைட்!" என்று கத்தினாள்.

மாமா எழுந்தார். போனார். போயே போய்விட்டார்.

பின்னால் பேச்சில்லை என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. கோபமாக இருக்கிறாள், பேசாமல் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பல மேடுகள் ஏறி இறங்கி, நடுப்பகல் ஆன பிறகு மனசு கேட்காமல், முன்னால் பார்த்தபடியே மன்னிப்புக் கேட்டார். கூடாரத்துக்காக இல்லை. டிப்போவில் அவருக்கு இரண்டு தடவை மாலை ஷிப்ட் தருவதாகச் சொன்னார்களாம். மாறியிருந்தால் பகல் முழுக்க அக்காவோடு வீட்டில் இருந்திருக்கலாம். விடிகாலையில் ஈ காக்கை இல்லாத ரோட்டில் வண்டி ஓட்டுகிற சுகத்தை விட மனசில்லாமல் வேண்டாம் என்றுவிட்டார். அவளிடம் சொல்லவும் இல்லை. இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை, ஆளில்லாத காட்டுப் பாதையில், மூச்சு வாங்க வாங்க முழுசாகச் சொல்லி முடித்தார். பதில் வரவில்லை. அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது அக்காவின் போன் மட்டும். "ரூம் ரெடியா? வந்து கூட்டிட்டுப் போ. என்னை விட்டுட்டுப் போயிட்டார்டி, பொட்டலம் மாதிரி." அடித்துப் பிடித்துக் காரை எடுத்தேன். பாதையும் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் அக்கா மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நான் மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்து மூடப் போகிறேன், மேட்டிலிருந்து மாமா இறங்கி வருகிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. அரை நாள் நடந்த தூரத்தை ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்திருக்கிறார்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் அக்கா.

"மன்னிப்புக் கேட்டேன். பதிலே இல்ல. பாத்தா நீயே இல்ல."

"எதுக்கு மன்னிப்பு?"

மாமா என்னைப் பார்த்தார், டீக்கடைக்காரரைப் பார்த்தார். "இங்க வச்சு எப்படிச் சொல்றது? நடந்துகிட்டே சொல்றேனே."

"அக்கா, கார்ல ஏறு" என்றேன்.

அவள் எழுந்து டிக்கியைத் திறந்து மூட்டையை எடுத்துக்கொண்டாள். "என்னன்னு கேட்டுட்டு வந்துடறேன்டி" என்றாள், பக்கத்துத் தெருவுக்குப் போகிற மாதிரி. நான் காலிக் காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். வழியெல்லாம் இரண்டு பேரையும் வாய்விட்டுத் திட்டினேன். ஆறவே இல்லை.

அவர் சொன்னதைக் கேட்டபின் அக்கா பல நாள் அவரோடு பேசவில்லையாம். பிறகு பேசினாளாம், அது பேச்சில்லை, முப்பது வருஷத்துக்கும் சேர்த்துச் சண்டை. கல்லூரிப் பெண்கள் நாகரிகமாக ஒரு மேடு முன்னாலேயே நடந்தார்களாம்.

நடக்கத் தொடங்கி ஒன்றரை மாதம் கழித்து இருவரும் கலங்கரை விளக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கறுத்து, இளைத்து, ஆளே அடையாளம் தெரியவில்லை. பாதையை முடித்தவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள், பிறகு ரயில் நிலையத்துக்குப் போவார்கள். மாமா சுவரைத் தொட்டார். தொட்ட கையோடு திரும்பி, வந்த பாதையைப் பார்த்து நின்றார்.

"ஸ்டேஷன் அந்தப் பக்கம் மாமா" என்றேன்.

"வண்டியைக் கடைசி ஸ்டாப்ல போட்டுட்டு யாராவது வீட்டுக்குப் போவாங்களா? திரும்பக் கொண்டுபோய் டிப்போவுல விட்டாத்தாம்மா டியூட்டி முடியும்."

"எந்த வண்டி?"

அவர் தன் காலைக் காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரி, கிறுக்கு மனுஷன், போகட்டும், அக்கா என்னோடு இருக்கப் போகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அன்று இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதாகச் சொன்னார்.

சாயந்திரம் அக்காவுக்குப் பின்னறையைக் காட்டினேன். திரையை இழுத்து மூடினேன். கும்மிருட்டு. "அடியே, என்னமா தச்சிருக்கே!" என்று துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்த இருட்டில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"எனக்கும் பகல் டியூட்டி குடுத்தாங்கடி. அவருக்குக் குடுத்ததுக்கு முன்னாடியே. நானும் வேண்டாம்னுட்டேன். ராத்திரி வார்டு எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதை இன்னும் அவர்கிட்ட சொல்லலை. வழியெல்லாம் அவரைத் திட்டித் தீர்த்துட்டேன், என் பங்கைச் சொல்லவே இல்லை."

"இப்பப் போய்ச் சொல்லிட்டு வா. பக்கத்து ரூம்லதானே இருக்கார்."

"முகத்தைப் பாத்து வராதுடி. முன்னாடி அவர் நடக்கணும், பின்னாடி நான் நடக்கணும். அவர் முதுகைப் பாத்துட்டே சொல்லிடுவேன்."

"அப்ப என்கூட இருக்கப்போறதில்லையா?"

"தெரியலை. அதைக் கேட்டுட்டு அவர் என்ன சொல்றார்னு பாக்கணும். ஊர் போய்ச் சேர்ற அன்னிக்கு எங்க வீட்டுக்கு வந்து இரு. முடிவை வாசல்லயே சொல்லிடறேன். வர்றதா இருந்தா அன்னிக்கே உன்கூட ரயில் ஏறிடறேன்."

காலையில் ஷூ பாலிஷ் வாசனைதான் என்னை எழுப்பியது. இருவரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள். முன்னால் அவர், பின்னால் அவள். எதிரில் வந்தவர்கள் எல்லாம், பாவம், வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்துக் கலங்கரை விளக்கம் இருக்கும் திசையைக் காட்டினார்களாம்.

அந்த வாரங்களில் அக்காவிடமிருந்து வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நலம், மழை, கால் வலி. சொன்னாளா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் வீம்புக்குக் கேட்கவில்லை. திரைக்கடைக்கு வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். ஒரு அம்மாள் சமையலறை ஜன்னலுக்கு அளவு தப்பாகக் கொண்டுவந்ததற்கு அழும்படி பேசிவிட்டு, பிறகு இலவசமாகத் தைத்துக் கொடுத்தேன்.

அவர்கள் வரப்போகும் தேதி தெரிந்ததும் முந்தின நாளே ரயிலேறினேன். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் உண்டு. ஜன்னல்களைத் திறந்தேன், ஒட்டடை அடித்தேன், முட்டை வேகவைத்தேன். திரும்பிப் போக இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். இரண்டு எடுத்தால் இரண்டு பேர் போவோம் என்று ஒரு நப்பாசை.

மதியம் தாண்டி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் திரும்பினார்கள். பக்கத்தில் பக்கத்தில் நடந்து வந்தார்கள். அக்காவின் கை காற்றில் ஏதோ வரைந்துகொண்டிருந்தது. மாமா அவள் பக்கம் முகத்தைத் திருப்பியபடி நடந்தார். வழியில் நின்ற சைக்கிளில் இடித்துக்கொண்டார், கவனிக்கவில்லை.

"அப்புறம் அந்தப் பன்னெண்டாம் பெட் கிழவர் என்ன ஆனார்? அந்தப் பாட்டுக்காரர்?"

"இருங்க, வரேன். அவர் பாட ஆரம்பிச்சா மத்த எல்லாரும் முழிச்சுக்குவாங்களா, நான் போய் அவர் பக்கத்துல உக்காந்துக்குவேன்..."

"எத்தனை மணிக்கு இது?"

"நீங்க எழுந்து ஷூவைத் துடைக்கிற நேரம்தான்."

மாமா சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அக்கா அவரை "மெதுவா" என்று அடக்கவும் இல்லை. இரண்டு பேரும் என்னைக் கடந்தார்கள். கேட்டைக் கடந்தார்கள். சொந்த வீட்டைக் கடந்து தெருவோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது, அழுகையும் வந்தது, அதோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. கிழவர் கதையை அவள் முடிக்கட்டும் என்று கூப்பிடாமல் விட்டேன். கேட்டை மட்டும் அகலத் திறந்து, தானாக மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை வைத்தேன்.